அனுபவம் இல்லை என்று எழுதாதீர்கள்

கேள்வி: பிளஸ் டூ படித்திருக்கிறேன். பல ஆண்டுகளாக எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வேலைக்குப் போக நினைக்கிறேன். விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லையே, என்ன செய்வது?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: எதுவும் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே உங்கள் தருமபுரியில்தான். ஊக்குநர்கள் செய்வது முழுமையான வேலை. சம்பளம் வராததால் அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஓர் இடத்தில் பழகிய எந்தத் திறமை இன்னோர் இடத்திலும் கைகொடுக்கும் என்று பார்க்க, 'பொறுப்பானவள், உழைப்பாளி' என்று குணங்களை எழுதிப் பயனில்லை. செய்த காரியத்தை எழுதுங்கள். ஒரே ஒரு உள்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் ஒருவர் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு 10,000 ரூபாய் கேட்கிறார். கூட்டத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். வட்டி போட்டுக் கடன் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். இரண்டு தவணை தவறினால் வீட்டுக்கே போய், நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் பேசி வசூலிக்கிறீர்கள். கூட்டம் நடத்துவது, ஆவணம் எழுதுவது, கணக்கு வைப்பது, பக்குவமாகப் பேசி வசூலிப்பது என்று இந்த ஒரு கடனிலேயே நான்கு திறமைகள் இருக்கின்றன.

அடுத்து, இவற்றில் எதை அலுப்பில்லாமல் செய்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்கு என்றால், டேலி மென்பொருளைக் கற்றுக்கொண்டு கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் கணக்கு உதவியாளர் வேலை தேடலாம். மக்களோடு பழகுவது பிடிக்குமென்றால், கிராமங்களில் வங்கிச் சேவை தரும் வணிகத் தொடர்பாளர் ஆகலாம். அதற்கென உள்ள சான்றிதழ்த் தேர்வை எழுத வேண்டியிருக்கும். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஆர்வம் இருந்தால், குழுக்களுக்குப் பயிற்சி தரும் சமுதாய வளப் பயிற்றுநர் பணி பற்றி மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விண்ணப்பத்தில் 'ஊக்குநர்' என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை உறுப்பினர்கள், எத்தனை ஆண்டுகள், வங்கியில் வாங்கிய கடன் எவ்வளவு, அது எப்படி அடைந்தது என்று எண்களோடு எழுதுங்கள். எல்லாம் உங்கள் தீர்மானப் புத்தகத்திலும் பேரேட்டிலும் இருக்கிறது. நேர்காணலில் கேட்டால் காட்டவும் அவையே சான்று.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் அது ஒன்றுதான் உங்களுக்கு உள்ள குறை. சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். அதுவரை காத்திருக்காமல், செய்த காரியங்களின் பட்டியலை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.