வெட்சி மதில் ஆகாது

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். இட்லிப்பூ (வெட்சி) வேலி நூல் பிடித்ததுபோல் நிற்கிறது. பூதான் ஒன்றுகூட இல்லை. குடியிருப்போர் சங்கத்தார் உரம் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உரம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மாதா மாதம் வேலிக் கத்தரியை ஓட்டுகிறாயே, கோளாறு அங்கேதான்.

வெட்சி நுனியில் பூக்கும் செடி. தளிர் நீண்டு கொஞ்சம் முற்றிய பிறகுதான் அதன் உச்சியில் மொட்டுக்கொத்து கட்டும். மட்டம் பார்த்து நீ வெட்டித் தள்ளுவதில் பாதி, வரவிருந்த பூ. கவாத்தைக் கைக்கத்தரியால், கிளை கிளையாகச் செய். கொத்து வாடியதும் அதற்குக் கீழே ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டு. இலைகள் எதிரெதிரே இருப்பதால் வெட்டுவாய்க்குக் கீழே இரு பக்கமும் தளிர்க்கும். ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு கிடைக்கும். உள்ளே நெருக்கும் கிழட்டுக் கிளைகளில் சிலவற்றை அடியோடு எடுத்துவிடு, வெளிச்சம் இறங்கட்டும். வேலை மெதுவாகத்தான் நகரும். மேற்பார்வையாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

நேர்கோடுதான் வேண்டும் என்று சங்கத்தார் அடம்பிடித்தால், நொச்சியை வைத்துக்கொள்ளச் சொல். பழந்தமிழ்ப் போர்களில் ஆநிரை கவரப் போனவர்கள் வெட்சி சூடினார்கள், மதில் காத்தவர்கள் நொச்சி சூடினார்கள். நம் கிராமங்களில் இன்றும் வேலிக்கு நொச்சி நடுகிறார்கள். பழைய ஆட்களுக்கு எதை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கிறது!

அடுத்தது, சுவரோரம் வெளுத்துக் கிடக்கும் செடிகள். கிழட்டு இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. உன் படத்தில் அப்படி இல்லை. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத்தன்மை அதை வேருக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கிறது. கட்டடம் கட்டியவர்கள் சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவைச் சுவரடியில்தான் புதைத்துவிட்டுப் போவார்கள். போதாததற்கு நீ பாய்ச்சுவது உப்பு ஏறிய போர் தண்ணீர். வெட்சியோ புளிப்பு மண்ணுக்குப் பழகியது. கேரளத்துச் செம்புரை மண்ணில் கேட்பாரில்லாமல் பூக்கிறது, அங்கே யார் உரம் வைத்தார்கள்?

இப்போதைக்கு இரும்பு உப்பான அன்னபேதி 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளி. வேரில் ஊற்றாதே, அதையும் மண் பூட்டிக்கொள்ளும். இது கைவைத்தியம்தான். ஓராள் கூலி கேட்டு வாங்கி, அந்தக் கட்டடக் கழிவைத் தோண்டி எடுத்து, செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பினால்தான் தீரும். மழைநீர் சேமிப்புத் தொட்டி இருந்தால் அந்தத் தண்ணீரை முதலில் வெட்சிக்குக் கொடு. எறும்பு வரிசையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பார், மாவுப்பூச்சி இருக்கலாம்.

வெட்டிய குச்சிகளை எல்லாம் குப்பைக்கு அனுப்பாதே. பென்சில் கனத்தில், முற்றியும் முற்றாமலும் இருப்பவற்றைப் பொறுக்கிக்கொள். நான்கைந்து அங்குலம் நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மட்கிய தேங்காய் நார்க்கழிவும் கலந்த பையில் ஊன்றி, நிழலில் வைத்துப் பாலித்தீன் போட்டு மூடு. ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. சுவரோரம் பட்டுப்போன செடிகளுக்கு மாற்று அதிலேயே தேறும். புதுச் செடி வாங்கச் சங்கத்திடம் பணம் கேட்டு நிற்க வேண்டாம். அந்தப் பணத்தைச் செம்மண் லோடுக்குக் கேள்.

அன்புடன்,
அண்ணன்