சான்று கேட்ட நீதிபதி

வலியவன் ஒருவன் எளியவனைச் சுட்டி, "இவன் என் உடைமை" என்று கூறுவானாயின், "அதற்குச் சான்று யாது?" என்று வினவுதல் நீதிமன்றத்தின் கடமையாகும். அக்கடமையை அஞ்சாது ஆற்றியவருள் ஒருவர் சர் தாமஸ் ஸ்டிரேஞ்சு என்பார். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி அவரே.

ஸ்டிரேஞ்சு 1756ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர் தந்தையார் செப்புத் தகட்டில் ஓவியம் செதுக்குவதில் புகழ் பெற்றவர். மைந்தரோ ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்று, 1785இல் பாரிஸ்டர் ஆனார். நான்கே ஆண்டுகளில், வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள நோவாஸ்கோஷியாவுக்குத் தலைமை நீதிபதியாக நியமனம் பெற்றார். இக்காலத்தில் கனடாவின் ஒரு மாகாணமாக விளங்கும் அந்நாடு, அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது.

ஆங்கே கறுப்பின மக்கள் பலர் அடிமைகளாக உழன்றனர். தப்பியோடிய அடிமையை மீட்டுத் தருமாறு தலைவர்கள் நீதிமன்றத்தை நாடுவர். அடிமை முறையே செல்லாது என்று ஸ்டிரேஞ்சு ஒரே தீர்ப்பில் அறிவித்துவிடவில்லை. அங்ஙனம் செய்தால் செல்வர் பகை மூளும் என்பதை அவர் அறிவார். ஆதலின், அம்மனிதன் மீது தமக்குள்ள உரிமையைச் சட்டப்படி மெய்ப்பிக்குமாறு தலைவர்களையே பணித்தார். அது எளிதில் இயலுவதன்று. ஆகவே வழக்குகள் தோற்றன. அடிமைகள் விடுதலை பெற்றனர். அவருக்குப் பின் வந்த பிளவர்ஸ் என்னும் நீதிபதியும் அந்நெறியையே பின்பற்ற, அடிமை முறை அந்நாட்டில் படிப்படியாகத் தேய்ந்தது. ஆங்கிலப் பேரரசு அதனை ஒழிக்கும் சட்டம் இயற்றியதோ 1833இல்தான்.

1798இல் ஸ்டிரேஞ்சு சென்னைக்கு வந்தார். அதற்கு முன்னர் அந்நகரில் வழக்குகளைக் கேட்டு வந்த மேயர் கோர்ட்டில் அமர்ந்தோர் பெரும்பாலும் வணிகர். சட்டம் பயின்றவர் அல்லர். அதனை நீக்கி அமைத்த ரிக்கார்டர் கோர்ட்டின் நீதிபதியாக அவர் பணியேற்றார். 1801இல் அதன் இடத்தில் சுப்ரீம் கோர்ட்டு தோன்றவே, அதன் தலைமையையும் அவரே ஏற்றார். தத்தெடுத்தல், பாகப்பிரிவினை போன்ற வழக்குகளில் இந்நாட்டு நூல்களும் வழக்கங்களும் அறியப்படல் வேண்டும் என்று கருதிய அவர், பண்டிதர் கூற்றுகளைத் திரட்டினார். கோல்புரூக், எல்லிஸ் முதலிய அறிஞர்தம் கருத்துகளையும் பெற்றார். தாயகம் திரும்பிய பின், 1825இல் இந்து சட்டம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1841இல் மறைந்தார்.

ஆயினும், அவர் மன்றத்தின் அதிகாரம் சென்னை நகரத்தாரையும் ஆங்கிலேயரையும் பெரிதும் சார்ந்ததாகவே நின்றது. திண்டுக்கல் சீமை 1792இலேயே திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்துவிட்டது. எனினும், சிறுமலை அடிவாரத்துச் சமவெளியில் உழும் குடியானவன் ஒருவன் தன் நிலத்தை இழந்தால், சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க இயலாது. அவனுக்கெனக் கம்பெனியார் வேறு மன்றங்களை வகுத்தனர். 1802ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தின. ஒரே ஆட்சியின் கீழ், நகரத்தானுக்கு ஒரு மன்றம், நாட்டுப்புறத்தானுக்கு வேறொரு மன்றம் என்னும் நிலை அறுபது ஆண்டுகள் நீடித்தது. 1862இல் சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டபோதே இருவகைத் தலைமை மன்றங்களும் ஒன்றாயின. அப்பொழுதும் திண்டுக்கல்லார் மேல்வழக்காட நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய நேர்ந்தது. 2004இல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்ட பின்னரே அவ்வருத்தம் தீர்ந்தது.

உரிமை கோருவோரே அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் விதி, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024இல் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் நிலைத்துள்ளது. நீதிபதியின் நேர்மை எத்துணைச் சிறந்ததாயினும், மன்றத்தின் வாயில் எளியவனுக்கு எட்டாத் தொலைவில் இருப்பின் அதனால் அவன் பெறும் பயன் யாது? நேர்மையும் அண்மையும் ஒருங்கே அமையும் இடத்திலேதான் நீதி முழுமை பெறும்.