கணிப்பொறிப் பட்டியலும் தொகைப் பிழையும்

ஊராட்சி மன்றத்திற்கு வரும் பட்டியல்களை இப்பொழுது கையால் எழுதுவார் அரிது. பெரும்பாலும் யாவும் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, கேட்டவுடன் அச்சாகி வருகின்றன. அச்சில் வந்தமையாலேயே அவற்றைச் சரியென்று கொள்ளும் வழக்கமும் பரவி வருகிறது. கூட்டுவதில் கணிப்பொறி பிழை செய்வதில்லை என்பது மெய்யே. எதை எதனோடு சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று நாம் அதற்குச் சொல்லும் இடத்தில்தான் பிழை நேருகிறது. அப்பிழைகள் தோன்றும் விதத்தையும் திருத்தும் வழியையும் ஆலங்குடி வட்டாரத்து அன்பர்கள் அறிந்த செய்திகளைக் கொண்டே விளக்க முற்படுகிறோம்.

பலருடைய நிலக்கடலை ஒரே களத்திற்கு வந்து சேருமானால், முதலில் அவரவர் கடலையைத் தனித்தனிக் குவியலாகப் பிரித்து, பின்னரே மூட்டைகளை எண்ணுவோம். கணிப்பொறியிலும் அவ்வாறே. அதனுள் செய்திகள் வரிவரியாக அட்டவணைகளில் இருக்கின்றன. அட்டவணை முறையை வகுத்து 1970-இல் வெளியிட்டவர் காட் என்னும் அறிஞர். அவ்வட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கான மொழியைச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்டனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுவது. அம்மொழியில் ‘குரூப் பை’ என்பது குவியல் பிரிக்கும் கட்டளை. ‘சம்’ என்பது கூட்டும். ‘கவுண்ட்’ என்பது எண்ணும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இவ்வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்ததை எவரும் மறந்திரார். அத்தகைய சேதப் பட்டியல் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். ஒரு குடியானவருக்கு இரண்டு சர்வே எண்களில் தோப்பு உண்டு. ஒன்றில் 40 தென்னை, மற்றொன்றில் 25 தென்னை வீழ்ந்தன, ஆக 65. அவருக்கு வங்கிக் கணக்கும் இரண்டு. மர அட்டவணையை வங்கி அட்டவணையோடு இணைத்துவிட்டுப் பிறகு கூட்டினால், ஒவ்வொரு சர்வே எண்ணும் ஒவ்வொரு வங்கிக் கணக்கோடும் சேர்ந்து 40, 40, 25, 25 என நான்கு வரிகளாகும். விடை 130 என்று வரும். வீழாத 65 மரங்கள் தாளில் வீழ்ந்துவிட்டன!

இதைக் கண்ட சிலர், ஒரே எண் இருமுறை வந்தால் ஒருமுறை மட்டும் கொள்ளச் செய்யும் ‘டிஸ்டிங்க்ட்’ என்னும் சொல்லைக் கூட்டலுக்குள் நுழைத்து விடுவர். மேற்படி கணக்கில் 65 என்று சரியாகவும் வந்துவிடும். ஆனால் அடுத்த தோப்புக்காரருக்கு இரண்டு சர்வே எண்களிலும் 40 மரங்களே வீழ்ந்திருந்தால் அவருக்கு 80-க்குப் பதிலாக 40 தான் கிடைக்கும். முன்னவருக்கு மிகுதி, பின்னவருக்குக் குறைவு. இரண்டிலும் இப்பின்னதே நமக்கு அச்சம் தருவது. சரியான முறை யாதெனில், குடியானவர் வாரியாக மரங்களை முதலில் கூட்டி முடித்து, ஆளுக்கு ஒரு வரியாக்கிக் கொண்டு, தொகை செல்லவேண்டிய ஒரே வங்கிக் கணக்கை அதன் பின்னர் இணைப்பதாகும்.

இன்னொரு பிழையும் உண்டு. குடியானவர் வாரியாகக் குவித்துவிட்டு, சர்வே எண்ணையும் காட்டு என்றால், இரண்டில் எதைக் காட்டுவது? நல்ல மென்பொருள் அக்கேள்வியை மறுத்துவிடும். மை எஸ்.க்யூ.எல். என்னும் மென்பொருளின் பழைய பதிப்புகளோ, ஏதாவதொன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாதிருந்தன. 2015-இல் வந்த 5.7 பதிப்பு முதற்கொண்டு அதுவும் தானாகவே மறுக்கிறது. மறுப்பைப் போக்குவதற்காகச் சர்வே எண்ணையும் ‘குரூப் பை’யில் சேர்ப்பவர் உளர். மறுப்பு நீங்கும், குவியலும் இரண்டாகப் பிளந்து, ஒருவரே இரண்டு விவசாயிகளாக எண்ணப்படுவார்.

ஊர்ப்பெயரால் குவிப்பதிலும் எச்சரிக்கை தேவை. நமது ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்தது. குரு தலமாகிய ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தது. மாநிலப் பட்டியலைப் பெயரால் மட்டும் குவித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்கு நேர் மாறானதும் நிகழும். கொத்தமங்கலம் என்னும் பெயரின் முதலெழுத்தைக் கணிப்பொறி இருவகையாகப் பதியக்கூடும்: கொம்பையும் காலையும் ஒரே குறியாகப் பதிவது ஒன்று, இரு குறிகளாகப் பதிவது மற்றொன்று. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. எழுத்துகளை ஒருநிலைப்படுத்தாவிட்டால் பட்டியலில் இரண்டு கொத்தமங்கலங்கள் தோன்றும். ஆதலால் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் தரப்பட்டுள்ள குறியீட்டு எண்ணைக் கொண்டே குவித்தல் நன்று.

சராசரியைப் பற்றியும் ஒரு சொல். 10 பேருக்குச் சராசரி 3 ஏக்கர் உள்ள குக்கிராமமும், 90 பேருக்குச் சராசரி 1 ஏக்கர் உள்ள குக்கிராமமும் சேர்ந்தால் ஊரின் சராசரி 2 ஏக்கர் அன்று. 120 ஏக்கரை 100 பேருக்கு வகுத்து வரும் 1.2 ஏக்கரே. சராசரிகளைச் சராசரி செய்தல் ஆகாது.

சில ஆண்டுகட்கு முன் வேறோர் ஒன்றியத்தில் நாம் பணியாற்றியபோது நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஆண்டிற்கு 100 நாள் வேலையைக் குடும்பத்திற்கு உறுதி செய்தது. தனி ஆளுக்கு அன்று. 100 நாள் முடித்த குடும்பங்களின் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க நாமே தயாரித்தோம். ஒரு பெயர்கூட வரவில்லை. எவரும் முடிக்கவில்லை போலும் என்று அவ்வாறே வாசித்தும் விட்டோம். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஓர் அம்மையார் எழுந்து, “எங்க அட்டையிலே நூறு நாளும் ஏறியிருக்குங்களே ஐயா, நீங்களே பாருங்க” என்று அட்டையை நீட்டினார். ஏறித்தான் இருந்தது. கணவருக்கு 55 நாள், அவருக்கு 45 நாள்.

அலுவலகம் திரும்பிக் கட்டளையைப் பார்த்தோம். 100 நாள் என்னும் நிபந்தனையை ‘வேர்’ என்னும் பகுதியில் எழுதியிருந்தோம். அப்பகுதி குவிப்பதற்கு முன்னரே ஒவ்வொரு வரியையும் சோதிப்பது. வருகைப் பதிவேட்டின் ஒரு வரி ஒருவரின் சில நாள் வேலையையே குறிக்கும். அதில் 100 எங்ஙனம் இருக்கும்? குவித்த பின் சோதிக்கும் பகுதி ‘ஹேவிங்’. நிபந்தனையை அங்கே மாற்றினோம். மறுமுறையும் பட்டியல் வெறுமையாகவே வந்தது. உண்மையில் பிழைகள் இரண்டு: தொழிலாளியின் பெயரால் குவித்திருந்தோம்; அட்டை எண்ணால் குவித்திருக்க வேண்டும். அதையும் மாற்றிய பின்னரே பெயர்கள் வந்தன. அந்த அம்மையாரின் அட்டை எண் மூன்றாம் வரியில் இருந்தது. அடுத்த கிராம சபையில் முந்திய பட்டியல் தவறானது என்று கூறி, புதியதை வாசித்தோம்.