யார் பெயரில் வாங்குவது? சிறிய வெப் நிறுவனத்துக்கான கருவிகள்

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெப்சைட் செய்துகொடுக்கும் தொழிலில் இறங்கினால், பேச்சு முதலில் லேப்டாப்பில்தான் தொடங்கும். எந்தக் கம்பெனி, எவ்வளவு ரேம், மேக்கா விண்டோஸா என்று ஒரு வாரம் அதிலேயே ஓடும். ஆனால் இந்தத் தொழிலில் ஆட்கள் தடுக்கி விழுவதை நான் பார்த்த இடங்கள் வேறு. கஸ்டமரின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, அதன் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது, வேலையை விட்டுப் போன பையனின் சொந்த ஜிமெயிலில் எத்தனை லாகின் கிடக்கிறது என்ற இடங்கள்தான் அவை. அதனால் மெஷின் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போகிறேன்.

மெஷின்

16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இதற்குக் கீழே இறங்காதீர்கள். 8 ஜிபி போதும் என்று கடையில் சொல்வார்கள். குரோமும் எடிட்டரும் டாக்கரும் சேர்ந்து ஓடினால் அது திணறும். ரேம் போர்டோடு பற்றவைத்த மாடலா, பிறகு கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய மெஷின் எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் பாருங்கள். அதற்கு முந்தையது மலிவாகக் கிடைத்தால் உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். வெப் வேலைக்கு அது தாராளமாகப் போதும். நாளைக்கு நீங்கள் கை வைக்கப்போகும் சர்வரிலும் அநேகமாக லினக்ஸ்தான் இருக்கும்.

எல்லோருக்கும் மேக் வேண்டாம். அந்தப் பணத்தில் சோதனைக்கு இரண்டு போன் வாங்குங்கள்: ஒன்று 3 அல்லது 4 ஜிபி ரேம் உள்ள மலிவு ஆண்ட்ராய்டு, இன்னொன்று பழைய ஐபோன். இங்கே விற்கும் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான். திரை உயரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிய பக்கம், ஐபோனில் அட்ரஸ் பாருக்குக் கீழே வழிந்து 'ஆர்டர் செய்' பட்டனை மறைத்துவிடும். கம்ப்யூட்டரில் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், நெட் போய்விடும். ஃபைபர் மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் ஒரு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டிவிடுங்கள். ஆம்பியரும் பின்னும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். போன் ஹாட்ஸ்பாட் வேறு நெட்வொர்க்கின் சிம்மில் இருக்கட்டும்.

சாஃப்ட்வேர்

எடிட்டருக்கு விஎஸ் கோட், கோடுக்கு கிட். கிட்ஹப்பில் தனியார் ரெப்போக்கள் 2019 முதல் இலவசம். 2020 முதல் எத்தனை பேரை வேண்டுமானாலும் அதில் இலவசமாகச் சேர்க்கலாம். ஆகவே பென்டிரைவில் கோடு கொண்டுபோவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை. ஃபைல்ஜில்லாவைத் திறந்து ஓடிக்கொண்டிருக்கும் சைட்டின் ஃபைலை நேரடியாகத் திருத்தும் பழக்கம் ஆபீஸில் யாருக்கும் இருக்கக் கூடாது, முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

டிசைனுக்கு ஃபிக்மா அல்லது பென்பாட், பில் போட ஜோஹோ இன்வாய்ஸ். இலவசத்திலேயே ஆரம்பிக்கலாம். காசு கட்ட வேண்டிய தீம், பிளகின் எதையும் டெலிகிராமில் ஓசியில் இறக்கிப் போடாதீர்கள். பின்வாசல் வைத்த கோடு சைட்டுக்குள் வரும் வழிகளில் அதுவும் ஒன்று, மாட்டிக்கொள்வது கஸ்டமர்.

பாஸ்வேர்ட் மேனேஜருக்கு முதல் நாளிலேயே பணம் ஒதுக்குங்கள். நான் பிட்வார்டன் சொல்வேன். எல்லாக் கணக்கும் ஆபீஸ் டொமைனில் உள்ள ஒரு பொது மெயிலில் திறக்கப்பட வேண்டும், ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் கூடாது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடும்போது தரும் பேக்கப் கோடுகளை அச்சடித்துக் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்கு அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

டொமைன்

டொமைன் கஸ்டமர் பெயரில், கஸ்டமர் மெயிலில், கஸ்டமர் போன் நம்பரில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விட்டுக்கொடுக்கும்படிதான் பேச்சு வரும்:

"அண்ணாச்சி, டொமைன் உங்க பேர்லதான் இருக்கணும். ஒரு மெயில் ஐடி வேணும்."

"மெயிலா? அதெல்லாம் நமக்கு எதுக்குத் தம்பி, நீங்களே உங்க பேர்ல போட்டுக்கிடுங்க. வருஷாவருஷம் பில்லு மட்டும் கொடுங்க."

இந்த இடத்தில் சரி என்று சொன்னால் அன்றைக்கு அரைமணி நேரம் மிச்சம். பிறகு உங்களுக்குள் பங்கு பிரியும்போதோ, அண்ணாச்சி மகன் வேறு ஆளிடம் வேலை கொடுக்க நினைக்கும்போதோ, அந்தக் கடையின் பெயர்ப்பலகையே உங்கள் கையில் சிக்கிக் கிடக்கும். அவர் போனை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்கென்று ஒரு ஜிமெயில் திறந்துகொடுங்கள். பாஸ்வேர்டைக் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு டொமைன் கணக்கில் உங்களைப் பராமரிப்பவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் அந்த வசதி இருக்கிறது.

அடுத்தது ரெனியூவல். 'ஆட்டோ ரெனியூ போட்டிருக்கிறது' என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலான செலவுகளில், ஒரு தடவைக்கு 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபியும் வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்டோ ரெனியூ இங்குள்ள கார்டுகளில் தோற்றுப்போவதற்கு இது முக்கியக் காரணம். 'பேமென்ட் ஃபெயில்' என்ற மெயில் யாரும் திறக்காத இன்பாக்ஸில் கிடக்கும்.

டாட் காம் டொமைன் காலாவதியானால் வழக்கமான விலைக்கே புதுப்பிக்கச் சில நாள் கிடைக்கும். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதிகபட்சம் 45 நாள். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் கேட்கும் தொகை பல மடங்கு. பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். சில இடங்களில் அதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடும். சைட்டோடு கடையின் மெயிலும் சேர்ந்து நின்றுபோகும் என்பதை மறக்காதீர்கள். காலாவதிக்கு 60 நாள் முன்பு காலண்டரில் நினைவூட்டல் போட்டு, கையால் பணம் கட்டுங்கள். முடிந்தால் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள், பத்து வருஷம் வரை அனுமதி உண்டு.

ஹோஸ்டிங்

டொமைன் ஒரு கம்பெனியில், ஹோஸ்டிங் வேறு கம்பெனியில். இது என் பிடிவாதம். ஒன்றில் தகராறு வந்தால் இன்னொன்றை வைத்து வெளியே வந்துவிடலாம்.

முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காமல் ரெனியூவல் விலையைத் தேடிப் பாருங்கள், கஸ்டமருக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான். 'அன்லிமிடெட்' என்று போட்ட இடத்தில் ஐநோட், அதாவது எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். சர்வர் மும்பையிலோ பெங்களூரிலோ கிடைக்கும்போது அமெரிக்காவில் எடுக்க வேண்டாம். எஸ்எஸ்எச் தராத பிளானைத் தொடாதீர்கள்.

சைட்டை இடம் மாற்றுவது

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். கஸ்டமர் பழைய சைட்டோடு வருகிறார், நீங்கள் புது ஹோஸ்டிங் எடுக்கிறீர்கள். அவர்கள் கொடுத்த வரவேற்பு மெயிலில் 'நேம்சர்வரை இப்படி மாற்றுங்கள்' என்று இருக்கும். அப்படியே மாற்றினால் சைட் வந்துவிடும். மறுநாள் காலை கடையிலிருந்து போன் வரும், நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை என்று.

நேம்சர்வரை மாற்றும்போது அந்த டொமைனின் டிஎன்எஸ் பொறுப்பு முழுவதும் புது இடத்துக்குப் போகிறது. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. திரும்ப மாற்றினாலும் உடனே சரியாகாது. டாட் காமில் நேம்சர்வர் விவரத்தின் ஆயுள் 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் பழைய டிஎன்எஸ் பக்கத்தின் எல்லா ரெக்கார்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், சப்டொமைன் எதுவும் விடுபடக் கூடாது. நேம்சர்வரை மாற்றுவதாக இருந்தால் இவையெல்லாம் முதலில் புது இடத்தில் ஏற வேண்டும். எம்எக்ஸ் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். ஜிமெயிலுக்கோ ஜோஹோவுக்கோ காட்டினால் நிம்மதி. பழைய ஹோஸ்டிங்கையே காட்டினால், மெயில் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை ஐமேப்சிங்க் போன்ற கருவியால் நகர்த்தாமல் பழைய பிளானை நிறுத்தினால் பல வருஷ மெயில் போய்விடும். கஸ்டமரிடம் கேட்டால் தெரியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டிஎன்எஸ் பழைய ஹோஸ்டிங்கில் இல்லாமல் டொமைன் கம்பெனியிலேயே இருந்தால், நேம்சர்வரைத் தொடாமல் 'ஏ' ரெக்கார்டை மட்டும் புது சர்வருக்குத் திருப்புங்கள். எம்எக்ஸ் அதே டொமைன் பெயரையே காட்டாதவரை மெயிலுக்கு ஆபத்து இல்லை. முந்தின நாளே 'ஏ' ரெக்கார்டின் டிடிஎல்லை, அதாவது ஆயுளை, 300 வினாடிக்குக் குறைத்துவையுங்கள். சிபேனலில் அது பெரும்பாலும் 14,400, நான்கு மணி நேரம். குறைத்துவைத்தால், தப்பாகப் போனாலும் ஐந்து நிமிஷத்தில் பழையதற்கே திரும்பலாம்.

திருப்புவதற்கு முன் உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புது ஐபியை எழுதி, சைட்டை அங்கே திறந்து எல்லாப் பக்கமும் பாருங்கள். ஆர்டர் வரும் கடை என்றால், நகர்த்தும் நேரத்தில் பழைய சைட்டை மூடிவையுங்கள். இல்லையென்றால் பாதி ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழும். ஜவுளிக் கடை சைட்டில் தீபாவளிக்கு முந்தின மாதம் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொரு பொறி. மெயில் ஜிமெயிலில் இருக்க, புது சிபேனலில் 'ஈமெயில் ரௌட்டிங்' என்ற அமைப்பு லோக்கல் என்று நின்றிருக்கலாம். அப்படி இருந்தால், சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து கடை மெயிலுக்குப் போகும் விசாரணை வெளியே போகாமல் அதே சர்வருக்குள் விழுந்து காணாமல் போகும். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் சரியாக வரும், விசாரணை மட்டும் வராது. யாருக்கும் சந்தேகம்கூட வராது. ரிமோட் என்று மாற்றி, படிவத்தை நிரப்பி, கடைக்காரர் போனில் அது வந்து சேர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எஸ்எஸ்எல்லுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசம், வழக்கமாக 90 நாள் ஆயுள், சர்வரே புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்கத் தவறினால் முன்பு எச்சரிக்கை மெயில் வரும். 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். சைட் ஓடுகிறதா என்று பார்க்கும் கண்காணிப்புச் சேவையில் சான்றிதழ் தேதியையும் சேர்த்துவிடுங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு விடுங்கள்.

பேமென்ட் கேட்வே எடுத்தாலும் இதே விதிதான். பான், வங்கிக் கணக்கு, கேஒய்சி எல்லாம் கஸ்டமருடையது. கடைக்கு அதன் வாடிக்கையாளர் கட்டும் பணம் ஒரு நாள்கூட உங்கள் கணக்கு வழியாகப் போகக் கூடாது.

பேக்கப்

அதே சர்வரில் இருக்கும் பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்று வேறு கம்பெனியின் சேமிப்பில், ஒன்று ஆபீஸ் ஹார்ட்டிஸ்கில். வேர்ட்பிரஸ் என்றால் ஃபைலும் டேட்டாபேஸும் இரண்டும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு சைட்டின் பேக்கப்பை எடுத்து லேப்டாப்பில் முழுதாக ஏற்றிப் பாருங்கள். ஏறாத பேக்கப் பல மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

தமிழ் சைட் என்றால்

அச்சகத்திலிருந்து வரும் வாசகம் பெரும்பாலும் பாமினியில் இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஸ்ரீயும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு ஆள் வாசித்தே தீர வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் மூன்றும் இலவசம், உரிமச் சிக்கல் இல்லை. வரி இடைவெளியை 1.6-க்குக் கீழே குறைக்காதீர்கள், மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விசிறியும் முட்டும். 'லாகின்' நிற்கும் பட்டனில் 'உள்நுழைக' நிற்காது. சோதனைக்கு வாங்கிய அந்த மலிவு போனில் பாருங்கள்.

கொட்டேஷன் எழுதும்போது ஒரு வரி தனியாகப் போடுங்கள்: டொமைன், ஹோஸ்டிங், பிளகின் உரிமம் ஆகியவற்றின் வருஷாந்தர ரெனியூவல் கஸ்டமர் செலவு, தொகை இவ்வளவு, தேதி இது. உங்கள் உரிமத்தில் அவர் சைட்டில் பிளகின் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தால் அது நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரலில் கணக்கு முடிக்கும்போது உங்கள் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்து, மாதாமாதம் போகும் சந்தா ஒவ்வொன்றையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராததை அன்றைக்கே நிறுத்துங்கள்.