நான்காம் டிவிஷனில் இருந்து தொடங்குவோம்: இளம் கிரிக்கெட் வீரருக்கு முழுமையான வழிகாட்டி

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜனைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் 2017 ஐபிஎல் ஏலத்தின் 3 கோடி ரூபாயைச் சொல்வார்கள். இருபது வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடிய அவர், சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் தொடங்கித்தான் மேலே வந்தார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கட்டிடக் கலை படித்து வேலைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த வருண் சக்கரவர்த்தியும் அதே நான்காம் டிவிஷனில் 7 ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்துத்தான் கவனத்துக்கு வந்தார்.

இருவரையும் மேலே கொண்டுவந்தது களத்தில் இறங்கி ஆடிய ஆட்டங்கள்தான். ஒரு சீசனில் எத்தனை நாள் களத்தில் நின்றீர்கள் என்பதுதான் தொடக்க ஆண்டுகளில் உங்கள் முதலீடு. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்தக் கணக்கை வைத்தே பாருங்கள்.

படி 1: பிறந்த தேதியைச் சரிசெய்யுங்கள்

பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்தும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். செலக்‌ஷன் நாளன்று தாலுகா ஆபீஸுக்கு ஓட முடியாது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கும் பதினைந்துக்குட்பட்ட சிறுமிகளுக்கும் இந்திய கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. வயதைக் குறைத்துக் காட்டி மாட்டினால் தடை வரும். ஒரு வருடச் சலுகைக்கு ஆசைப்பட்டுப் பல சீசன்களை இழக்காதீர்கள்.

படி 2: லெதர் பந்துக்குக் கையைப் பழக்குங்கள்

சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. ஆண்கள் ஆடும் லெதர் பந்து 156 முதல் 163 கிராம் வரை, பெண்களுடையது 140 முதல் 151 கிராம் வரை இருக்கும். எடை மாறும்போது தோள், விரல், கண் எல்லாமே புதிதாகப் பழக வேண்டும். தெருவில் கற்ற யார்க்கர் வீணாகாது; ஆனால் தையலைப் பிடிக்கும் விதத்தையும் நீளம் மாற்றி வீசுவதையும் நெட்ஸில்தான் கற்க முடியும். தொடக்கத்துக்கு காஷ்மீர் வில்லோ மட்டை போதும். மட்டையில் மிச்சமாகும் பணத்தை நல்ல ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் செலவிடுங்கள்.

படி 3: பெயரைப் பார்த்து கிளப்பில் சேராதீர்கள்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் சென்னை லீக் பல டிவிஷன்களாக நடக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மாவட்டச் சங்கங்களின் லீக்குகள் உண்டு. கிளப் செயலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், இந்த சீசன்ல எனக்கு எத்தனை மேட்ச் கிடைக்கும்?”

முதல் டிவிஷன் அணியில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட நான்காம் டிவிஷனில் புதுப்பந்தைக் கையில் வாங்குவது எவ்வளவோ மேல். ஸ்கோர்புக்கில் உங்கள் பெயருக்கு நேரே எண்கள் இருந்தால் அடுத்த சீசனில் மேல் டிவிஷன் கிளப்பே தேடி வரும். டீமில் இடம் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

படி 4: வயதுப் பிரிவு ஏணியை அறிந்துகொள்ளுங்கள்

மாநில அளவில் ஆண்களுக்குப் பதினாறு வயதுக்குட்பட்ட விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, பத்தொன்பதுக்குட்பட்ட வினூ மங்கட், கூச் பிஹார் கோப்பைகள், இருபத்து மூன்றுக்குட்பட்ட சி.கே. நாயுடு கோப்பை, அதன் பிறகு ரஞ்சி. பெண்களுக்கும் பதினைந்து, பத்தொன்பது, இருபத்து மூன்று எனப் பிரிவுகள் உண்டு. மதுரையைச் சேர்ந்த கமலினியைப் பதினாறு வயதில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் 1.6 கோடிக்கு எடுத்தது.

ஒரு படி தவறினால் ஏணியே போய்விடாது. 2016 முதல் நடக்கும் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) இன்னொரு வாசல். சாய் சுதர்சன் 2021இல் கோவை அணிக்காக அங்கே அடித்த ரன்கள்தான் மறு ஆண்டு அவரை ஐபிஎல்லுக்குக் கொண்டுபோயின.

படி 5: உடம்பைக் காப்பாற்றுங்கள்

வளரும் வயதில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதல் எதிரி கீழ் முதுகு எலும்பில் விழும் நுண் விரிசல். பள்ளி, கிளப், மாவட்டம் என மூன்று கேப்டன்களும் தனித்தனியே ஓவர் கொடுப்பார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆளிருக்காது. நெட்ஸில் வீசுவதையும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை பந்து என்று நீங்களே எழுதி வையுங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து வலித்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

உடம்பைப் போலவே பந்து வீசும் விதத்தையும் கவனியுங்கள்: பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. 2015இல் ரஞ்சியில் அறிமுகமான பிறகு நடராஜனின் ஆக்‌ஷன் மீது புகார் வந்தது. அதைத் திருத்தி மீண்டு வர அவருக்கு நீண்ட காலம் பிடித்தது. பதினாறு வயதிலேயே போனில் படமெடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டால் அந்தக் காலம் மிச்சம்.

படி 6: பணக் கணக்கு

2021இல் வாரியம் நிர்ணயித்தபடி, 20 ஆட்டங்கள் வரை ஆடிய ரஞ்சி வீரருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய். இருபத்து மூன்றுக்குட்பட்டோருக்கு 25,000, பத்தொன்பதுக்குட்பட்டோருக்கு 20,000. பெஞ்சில் உட்கார்ந்தால் பாதிதான். இங்கேயும் களத்தில் நின்ற நாளுக்கே காசு. அந்த நிலையை எட்டும்வரை குடும்பத்தின் கையிருப்புதான் ஓடும் என்பதால் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்புக்கும் ரயில்வே போன்ற இடங்களில் வேலைக்கும் வாய்ப்புண்டு.

படி 7: மருந்திலும் போனிலும் கவனம்

2019இல் இந்திய வீரர் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை வந்தது. இருமல் மருந்துகளில் சாதாரணமாக இருக்கும் டெர்புட்டலைன் அவர் உடலில் இருந்ததே காரணம். மருந்துக் கடையில் நீங்களாக எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள். விளையாட்டு வீரர் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே ஆண்டில் வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசனும் தடை பெற்றார். சூதாட்டத் தரகர் போனில் தொடர்புகொண்டதை அவர் அதிகாரிகளிடம் தெரிவிக்கவில்லை. மறுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது, புகாரும் செய்ய வேண்டும்.

படி 8: ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மைதானம், எதிரணி, ஆடினேனா, என்ன செய்தேன் என ஆட்டத்துக்கு ஒரு வரி. சீசன் முடிந்ததும் “ஆடினேனா” என்ற இடத்தில் எத்தனை “இல்லை” என்று எண்ணுங்கள். “ஆம்” என்பதைவிட அது அதிகமாக இருந்தால், அடுத்த சீசன் பதிவு தொடங்கும் முன் வேறு கிளப் பாருங்கள், அது ஒரு டிவிஷன் கீழே இருந்தாலும்.