வீட்டு மின்னிணைப்பில் சிறு ஜெனரேட்டரைச் சேர்க்கும் முறை

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னைக்கருகே கரை கடந்தபோது, திருவள்ளூர் ஜில்லாவில் மின்கம்பங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. இவ்விதச் சமயங்களுக்கென்று சிறு ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நன்றே. ஆயினும், அதனை இணைக்கும் முறை தவறுமாயின், கேடு உடையவரோடு நில்லாது, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிரையும் கவரக்கூடும்.

அபாயத்தின் காரணம்

இருமுனையிலும் பிளக் பொருத்திய கம்பியொன்றால் ஜெனரேட்டரை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துவாரத்தில் சொருகும் வழக்கம் சிலரிடம் உண்டு. இவ்வாறு செலுத்திய 230 வோல்ட் மின்சாரம் மீட்டர் வழியே தெருக் கம்பிக்குத் திரும்பி ஓடும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மரை அடையின், 11,000 வோல்ட்டை வீட்டளவுக்குக் குறைக்கும் அதே கருவி, எதிர்முகமாய் இயங்கி, வோல்ட்டைப் பன்மடங்கு உயர்த்திவிடும். மின்சாரமற்றதென்று எண்ணித் தொழிலாளி தொடும் கம்பி அவருக்கு யமனாகும்.

“மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோமே” என்பது தக்க சமாதானமன்று. மனிதர் மறப்பது இயல்பு. வீட்டார் வேறொருவர் அறியாமல் அதைப் போட்டுவிடவும் கூடும். அச்சமயம் ஊர் மின்சாரம் திரும்பி வருமாயின், ஜெனரேட்டர் எரிந்து வீடும் தீப்பற்றலாம். அன்றியும், பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கால் அதன் பித்தளை முனைகளில் மின்சாரம் நிற்கும்.

தக்க முறை

மீட்டருக்கும் வீட்டுக் கம்பிகளுக்கும் இடையே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை, லைசென்ஸ் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைத்தல் வேண்டும். அதன் கைப்பிடி ஒருபுறம் ஊர் மின்சாரத்தையும், மறுபுறம் ஜெனரேட்டரையும் சேர்க்கும். நடுவில் இரண்டும் அற்று நிற்கும். இரண்டும் ஒருங்கே சேர வழியில்லை. அது பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் மாற்றுவதாய் இருத்தல் அவசியம். எர்த் இணைப்பும் செவ்வையாக இருக்க வேண்டும்.

உபயோகிக்கும் கிரமம்

1. வீட்டு விளக்கு, விசிறி முதலியவற்றை அணைத்துவிடுக.
2. ஜெனரேட்டரை ஓட்டி, சிறிது நேரம் சீராக ஓடவிடுக.
3. கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் திருப்பி, சாதனங்களை ஒவ்வொன்றாய்ப் போடுக.
4. ஊர் மின்சாரம் வந்ததும் சாதனங்களை அணைத்து, கைப்பிடியை மாற்றி, அதன்பின் யந்திரத்தை நிறுத்துக.

கிணற்று மோட்டார்களில் பல மூன்று பேஸ் உள்ளவை; சிறு ஜெனரேட்டரோ பெரும்பாலும் ஒரு பேஸ் மாத்திரமே தரும். மேலும், மோட்டார் புறப்படுங்கால் ஓடும் அளவைப்போல் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகையால் வீட்டுக்கு வாங்கிய யந்திரத்தால் இறைவைக்கு முயல்வது வீண்.

வைக்கும் இடம்

யந்திரத்தின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். மழைக்கு அஞ்சி யந்திரத்தைத் திண்ணையிலோ, நெற்களஞ்சியத்திலோ, மாட்டுக் கொட்டிலிலோ வைத்தலாகாது. வீட்டிலிருந்து இருபது அடிக்குக் குறையாமல், சன்னல்களுக்கு அப்பால், மேலே கூரை மட்டும் உள்ள மேட்டிடத்தில் வைக்க வேண்டும். யந்திரம் ஆறிய பின்னரே எண்ணெய் ஊற்றுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

புயற்காலத்துக்கு முன்னரே, ஊரில் எவரெவர் ஜெனரேட்டர் வைத்துள்ளனர் என்பதைக் குறித்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது நலம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாதவர் அதை அமைக்கும்வரை, வேண்டிய சாதனத்தை ஜெனரேட்டரிலுள்ள பிளக் துவாரத்திலேயே நேராகப் பொருத்திக்கொள்ளட்டும். வீட்டுக் கம்பிகளோடு சேர்க்க வேண்டா. ஊருக்கு வெளிச்சம் தர மழையிலும் காற்றிலும் வருகிறவருக்கு ஊரார் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.