விடுமுறையும் வீசிங்கும்

தீபாவளி லீவு என்றதும் ஹாஸ்டலில் எல்லோரும் பஸ் டிக்கெட்டைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பேன். ஏழு வயதிலிருந்து எனக்கு ஆஸ்துமா. நம்மில் இன்னும் சிலருக்கும் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களோடு ரூமில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆஸ்துமா என்றால் என்ன?

மூச்சுக்குழல்களின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருக்கும். புகை, தூசி, சளிக்காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அடைக்கும். ஹைட்ராலிக்ஸில் படித்தோமே, லேமினார் ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு! கொஞ்சம் சுருங்கினாலே நமக்குத் திணறுவது அதனால்தான்.

லீவில் ஏன் அதிகம்?

தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. ஈரச் சுவரில் பூஞ்சை, வீட்டுக்கு வீடு சளி, மேலே வெடிப்புகை. பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை, வெள்ளையடிப்பு. போகி விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால் புகை மேலே போகாமல் தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதமாயின. நம்ம நுரையீரல் எம்மாத்திரம்?

இரண்டு மருந்து, இரண்டு வேலை

நீல நிற சால்ப்யூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும். 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். ஆனால் அழற்சியைத் தொடாது. அதைக் குறைப்பது புடசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் பலன் முழுதாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பண்டிகைக்கு முதல் நாள் தொடங்கினால் போதாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. நல்லா இருப்பதே அதனால்தான்!

ஊருக்குக் கிளம்புமுன்

1. மூன்று வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பண்டிகையன்று மருந்துக்கடை மூடியிருக்கலாம். போதிய மருந்து வாங்கி வையுங்கள்.

2. பஸ்ஸில் இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், மூட்டையில் வேண்டாம்.

3. ஒட்டடை அடிக்கும் வேலையைத் தம்பியிடம் விடுங்கள். கடைக்குப் போகும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்கு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்குகிறார்கள். அப்போதும், புகை அடங்கும் வரையும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள்.

5. இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதாக விட்டு, மெதுவாக இழுக்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி அடக்குங்கள். ஸ்டீராய்டுக்குப் பிறகு வாய் கொப்பளியுங்கள்.

6. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ, நீல மருந்து கேட்காவிட்டாலோ தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

ஒளிக்க வேண்டாம்

என் தங்கைக்கும் ஆஸ்துமா. "நாலு பேர் முன்னாடி அதை எடுக்காதேடி, நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாமா?" என்று எங்க பெரியம்மா சொன்னார்கள். போன பொங்கலுக்கு அவள் மொட்டைமாடியில் தனியாக நின்று மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே மயங்கியிருந்தால் யாருக்குத் தெரியும்? அன்றே அம்மா அவள் இன்ஹேலரை எல்லோர் கண்ணிலும் படும்படி ஹால் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

நண்பர்களே, உங்கள் ரூம்மேட்டின் இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். அனைவருக்கும் இனிய விடுமுறை வாழ்த்துகள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்